சென்னையின் மழைக்காலம்: பெரிய மேகமா, நிற்கும் மேகமா?

சென்னையில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என்று வெளியூர்க்காரர்கள் கிண்டலாகக் கேட்பதுண்டு. ஜனவரி அதிகாலையில்கூட வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் ஊர் இது. நகரத்தின் பதிவேட்டில் உள்ள மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கு. வானிலைத் துறையின் நாட்காட்டியில் ஜனவரியும் பிப்ரவரியும் குளிர்காலம். ஆனால் சென்னைவாசிக்குக் கோடை முடிந்து வேறொரு காலம் பிறந்துவிட்டது என்று உறைப்பது அக்டோபரில், காற்று வடகிழக்குக்குத் திரும்பி முதல் அடைமழை பிடிக்கும்போதுதான். கூதிரும் முன்பனியும் இந்த நகரத்தில் மழையோடுதான் தொடங்குகின்றன.

ஆண்டுக்குச் சராசரியாக 140 செ.மீ. மழை பெறும் சென்னைக்கு அதில் சுமார் அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கிடைக்கிறது. தமிழகம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அதாவது சுமார் 44 செ.மீ., இந்தப் பருவத்துக்கு உரியது. ஆனால் இந்தச் சராசரியை நம்பி ஒரு குடும்பம்கூட வாழ முடியாது. 2015 நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 105 செ.மீ. கொட்டியது, வழக்கமாக அந்த மாதத்துக்கு 40 செ.மீ. அளவில்தான் பெய்யும். 1918க்குப் பிறகு அப்படி ஒரு நவம்பர் இருந்ததில்லை. அடுத்த ஆண்டே, 2016இல், தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. கடல் அதே கடல், கரையும் அதே கரை. பிறகு எது இவ்வளவு வித்தியாசத்தை உண்டாக்குகிறது?

மேகங்கள் எப்படி உருவாகின்றன, அவை எப்போது மழையாகின்றன, சில நாட்களில் மட்டும் ஏன் அளவு மீறிக் கொட்டுகின்றன என்று வரிசையாகப் பார்த்தால் விடை ஓரளவு தெளிவாகிறது. சென்னையின் பெருமழைகளில் மேகத்தின் உயரமோ, புயலின் பெயரோ தலைமை வகிக்கவில்லை. ஈரக் காற்று ஒரே இடத்தில் எத்தனை மணி நேரம் வந்து குவிந்தது என்பதே பெரும்பாலும் கணக்கைத் தீர்மானித்திருக்கிறது.

இருநூறு ஆண்டுப் பதிவேடு

இந்தக் கேள்வியை ஆராயச் சென்னையைப் போல் வாய்ப்புள்ள நகரம் இந்தியாவில் வேறில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வகத்தைக் கட்டியது. கப்பல்களுக்கும் நில அளவைக்கும் நேரமும் தீர்க்கரேகையும் கணிப்பது அதன் முதல் வேலை. விண்மீன்களைப் பார்த்தவர்களே வெப்பநிலையையும் காற்றழுத்தத்தையும் குறித்துவைத்தார்கள். மழையளவு 1813 முதல் கிடைக்கிறது. அதே வளாகத்தில்தான் இன்றைய மண்டல வானிலை ஆய்வு மையம் இயங்குகிறது.

இவ்வளவு நீண்ட பதிவேட்டைப் புரட்டும்போது ஒன்று பளிச்சென்று தெரிகிறது. பருவம் முழுவதும் மழை சீராகப் பெய்வதில்லை. மூன்று மாதங்களில் மழை பெய்த நாட்களை எண்ணி, அவற்றில் பெருமழை நாட்களை மட்டும் தனியே எடுத்துவிட்டால், நல்ல ஆண்டுகூடச் சாதாரண ஆண்டாகிவிடும். நான்கைந்து நிகழ்வுகள் ஏரிகளை நிரப்புகின்றன. அவற்றில் இரண்டு தவறினால் அடுத்த கோடையில் தண்ணீர் லாரிக்கு வரிசை நிற்க வேண்டியிருக்கிறது. ஆகவே "பருவமழை எப்படி?" என்ற கேள்வியைவிட "அந்த நான்கைந்து நிகழ்வுகள் எப்படி உருவாகின்றன?" என்பதே சரியான கேள்வி.

காற்று திரும்பும் வழி

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, தன் ஈரத்தில் பெரும்பகுதியைக் கேரளத்துக்கும் கர்நாடகக் கரைக்கும் கொடுத்துவிட்டு, மலையின் மறுபக்கம் வறண்டு இறங்குகிறது. அந்த மாதங்களில் சென்னைக்குக் கிடைப்பது பெரும்பாலும் மாலை நேர இடிமழை. பகல் வெயிலில் சூடேறிய நிலமும் கடற்காற்றும் சேர்ந்து உண்டாக்கும் மழை அது.

செப்டம்பர் கடைசியில் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே நகர்கிறது. ஆசியாவின் பெருநிலம் குளிரத் தொடங்குகிறது. அங்கே காற்றழுத்தம் ஏறுகிறது. கடல் அவ்வளவு சீக்கிரம் குளிர்வதில்லை. வட இந்தியாவின் மேல் இருந்த தாழ்வழுத்தப் பகுதி படிப்படியாகத் தென் வங்கக் கடலுக்கு இறங்குகிறது. காற்று அதை நோக்கி நிலத்திலிருந்து கடலுக்குப் பாய, புவிச் சுழற்சி அதை வலப்புறம் திருப்ப, வடகிழக்குக் காற்று பிறக்கிறது. தமிழகக் கரையில் இது நிலைபெறும் வழக்கமான தேதி அக்டோபர் 20.

நிலத்திலிருந்து புறப்படும்போது இது வறண்ட காற்று. வங்கக் கடலின் மேல் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்யும்போதுதான் ஈரம் ஏறுகிறது. அக்டோபர், நவம்பரில் அந்தக் கடலின் மேற்பரப்பு 28, 29 டிகிரி வெப்பத்தில் இருக்கும். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி முதலிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் உப்புக் கடலின் மேல் லேசான அடுக்காக மிதப்பதால், அடியிலுள்ள குளிர்ந்த நீர் எளிதில் மேலே கலப்பதில்லை. மேற்பரப்பு நீண்ட நாள் சூடாகவே இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கரையின் போக்கும் முக்கியம். தமிழகக் கரை ஏறக்குறைய வடக்குத் தெற்காகக் கிழக்கைப் பார்த்து நிற்கிறது. வடகிழக்குக் காற்று அதில் நேராக ஏறுகிறது. விசாகப்பட்டினம் பக்கத்துக் கரையோ வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. காற்று அதற்கு இணையாகவே போய்விடுகிறது. அதனால்தான் ஒரே கடல், ஒரே காற்று இருந்தும் டிசம்பரில் தமிழகம் நனைய, வட ஆந்திரம் காய்ந்து கிடக்கிறது.

ஆவி துளியாவது

ஈரக் காற்று வந்தால் மட்டும் மேகம் பிறந்துவிடாது. காற்று மேலே ஏற வேண்டும். மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. மேகமாகாத காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சுமார் 9.8 டிகிரி குளிரும். தன்னிடமுள்ள ஆவி முழுவதையும் இனிமேல் தாங்க முடியாது என்ற வெப்பநிலையை அது எட்டும் உயரமே மேகத்தின் அடித்தளம்.

இந்த உயரத்தைக் கணிக்க எளிய வழி உண்டு. தரையில் காற்றின் வெப்பநிலைக்கும், அதன் ஆவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலையான பனிப்புள்ளிக்கும் எத்தனை டிகிரி வித்தியாசமோ, அதை 125ஆல் பெருக்கினால் மேக அடித்தளம் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பது தோராயமாகக் கிடைக்கும். நவம்பர் மாத மழை நாளில் வெப்பநிலை 28, பனிப்புள்ளி 24 என்றால் வித்தியாசம் 4. மேகம் 500 மீட்டரிலேயே தொடங்கிவிடும். மே மாதப் பிற்பகலில் 38, 23 என்றால் அது 1,900 மீட்டருக்குப் போய்விடும். மழைக்காலத்தில் மேகம் பரங்கிமலை மேலேயே உரசுவதுபோலத் தாழ்ந்து தெரிவதற்கு இதுதான் காரணம்.

குளிர்ந்த ஆவி துளியாகப் பற்றிக்கொள்ள ஒரு தூசும் வேண்டும். முற்றிலும் சுத்தமான காற்றில் ஈரப்பதம் 100 விழுக்காட்டைப் பல மடங்கு தாண்டினாலொழியத் துளி உருவாகாது. உண்மையில் அப்படி நேர்வதில்லை. கடல் அலை சிதறும்போது எழும் உப்புத் துகள்கள், புகையிலுள்ள சல்பேட்டுகள், மண் தூசு என்று காற்றில் எப்போதும் ஏதாவது மிதந்துகொண்டே இருக்கும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் எய்ட்கென் 1880களில் இந்தத் துகள்களை எண்ணவே ஒரு கருவியைச் செய்தார்.

துகள்களின் எண்ணிக்கை மேகத்தின் குணத்தையே மாற்றும். திறந்த கடலின் மேல் துகள்கள் குறைவு. உள்ள ஆவியைச் சில துளிகள் மட்டும் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றும் பெரிதாகிறது. நகரப் புகையில் துகள்கள் மிக அதிகம். அதே ஆவி எண்ணற்ற சிறு துளிகளாகச் சிதறுகிறது. பெரிய துளி சீக்கிரம் மழையாகும். சிறு துளிகள் நெடுநேரம் மேகமாகவே மிதக்கும்.

துளி மழையாவது

மேகத் துளியின் விட்டம் சுமார் 0.02 மி.மீ. நடுத்தர மழைத்துளியின் விட்டம் சுமார் 2 மி.மீ. விட்டம் நூறு மடங்கு என்றால் கொள்ளளவு பத்து லட்சம் மடங்கு. அதாவது பத்து லட்சம் மேகத் துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. மேகத் துளி நொடிக்கு ஒரு செ.மீ. வேகத்தில்தான் விழும், மேலெழும் காற்று அதை எளிதில் தாங்கிக்கொள்ளும். மழைத்துளியோ நொடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் விரைந்து இறங்கும். ஆவி படிவதால் மட்டும் ஒரு துளி இந்த அளவுக்கு வளர வேண்டுமானால் பல மணி நேரம் பிடிக்கும். பல மேகங்களுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. ஆகவே இயற்கை வேறு இரண்டு வழிகளைக் கையாள்கிறது.

முதலாவது மோதிச் சேர்தல். எல்லாத் துளிகளும் ஒரே அளவில் இருந்தால் எல்லாம் ஒரே வேகத்தில் இறங்கும், ஒன்றையொன்று தொடாது. சில துளிகள் மட்டும் சற்றுப் பெரிதானால் அவை வேகமாக இறங்கி, வழியில் சிறியவற்றை விழுங்கிப் பெருக்கும். விட்டம் 0.04 மி.மீ.யைத் தொட்டபின் இந்த வளர்ச்சி மிக வேகமாக நடக்கிறது. கடல் உப்பின் பெரிய துகள்கள் இத்தகைய முதல் துளிகளைத் தருவதில் கெட்டிக்காரர்கள். பனிக்கட்டியே இல்லாமல் நடப்பதால் இதை வெப்ப மேக மழை என்பார்கள்.

இரண்டாவது வழி பனிக்கட்டி. சென்னையின் மேல் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும் உயரம் சுமார் 5 கி.மீ. அதற்கு மேலே ஏறும் மேகத்திலும் நீர் உடனே உறைந்துவிடாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பது டிகிரிக்கு மேல் இறங்கியும் திரவமாகவே இருக்கும் துளிகள் உண்டு. அவற்றின் நடுவே சில பனிப்படிகங்கள் தோன்றினால் ஆவி துளிகளை விட்டுப் படிகங்களின் மேல் போய்ப் படிகிறது. ஒரே வெப்பநிலையில் பனிக்கு மேலுள்ள ஆவியழுத்தம் நீருக்கு மேலுள்ளதைவிடக் குறைவு என்பதால் இப்படி நடக்கிறது. துளிகள் மெலிய, படிகங்கள் கொழுக்கின்றன. கனமாகி இறங்கி, வழியில் உருகி மழையாகின்றன. கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன ஆல்ஃபிரட் வெகனர்தான் 1911இல் இந்த யோசனையையும் முன்வைத்தார். சுவீடனின் டோர் பெர்ஜெரானும் ஜெர்மனியின் வால்டர் ஃபின்டைசனும் 1930களில் அதை முழுக் கோட்பாடாக்கினார்கள்.

சென்னையின் பருவத்தில் இந்த இரண்டு வழிகளும் முறை வைத்ததுபோல மாறுவதைக் காதாலேயே கேட்கலாம். அக்டோபரில் நிலத்தில் வெயில் இன்னும் மிச்சமிருக்கும்; மேகங்கள் பத்துப் பன்னிரண்டு கி.மீ.க்கு மேல் வளரும். அவற்றுக்குள் பனிப்படிகங்களும் சிறு பனிக்கட்டிகளும் மோதி மின்னூட்டம் பிரிவதால் இடியும் மின்னலும் பலமாக இருக்கும். டிசம்பரில் நிலம் குளிர்ந்துவிடும். பல மழைமேகங்கள் உறைநிலை உயரத்தை ஒட்டியே நின்றுவிடும். இடி அதிகம் கேட்காது. ஆனால் மழை சளைக்காமல் கொட்டும். இடி முழங்காத மேகம் ஏமாற்றிவிடும் என்று மார்கழியில் நம்புவது ஆபத்து.

இரவில் ஏன் கொட்டுகிறது?

பருவமழைக் காலத்தில் சென்னைவாசிகள் கவனித்திருக்கும் ஒன்று: மழை பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு பிடித்து, பள்ளிக்கூடம் விடுமுறையா என்று வீட்டில் எல்லோரும் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும் காலை நேரத்தில் உச்சத்தில் இருக்கும். பகல் பதினொரு மணிக்கு வானம் வெளுத்து, விடுமுறை விட்ட கலெக்டரை எல்லோரும் குறை சொல்வார்கள்.

இதற்குக் காரணம் கரை. இரவில் நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்கிறது. அந்தக் குளிர்ந்த காற்று மெல்லக் கடலை நோக்கி நகர்கிறது. எதிரே வடகிழக்குக் காற்று ஈரத்தோடு கரையை நோக்கி வருகிறது. இரண்டும் கரைக்குச் சற்று அப்பால் சந்திக்கும்போது, கனமான நிலக்காற்றின் மேல் ஈரக் காற்று ஏறியாக வேண்டும். அங்கே மேகங்கள் வரிசை கட்டுகின்றன. ரேடார் படத்தில் கரைக்கு இணையாக ஒரு நீண்ட பட்டை தெரியும்; அதிலிருந்து ஒவ்வொரு மேகமாக நகரத்துக்குள் நுழையும்.

இன்னொரு காரணமும் உண்டு. வழவழப்பான கடலின் மேல் வேகமாக வரும் காற்று, வீடுகளும் மரங்களும் நிறைந்த நிலத்தைத் தொட்டதும் வேகம் குறைகிறது. பின்னால் வரும் காற்று குறையவில்லை. ஆகவே கரையோரத்தில் காற்று நெருக்கியடித்துக்கொண்டு மேலே எழுகிறது. சமவெளிக் கடற்கரை ஒன்று மலையைப் போல வேலை செய்வது இப்படித்தான். மழை கரையோரத்தில் மிகுந்து உள்ளே போகப் போகக் குறைவதற்கும் இதில் பெரும் பங்கு இருக்கிறது.

கணக்கு உடையும் நாட்கள்

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். சென்னையின் தலைக்கு மேல், தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரை உள்ள ஆவி முழுவதையும் ஒரு சொட்டு விடாமல் பிழிந்தாலும் மழைநாளில் ஆறு, ஏழு செ.மீ. தண்ணீர்தான் தேறும். ஆனால் 1976 நவம்பர் 25இல் நுங்கம்பாக்கத்தில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ. பதிவானது. 2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. தலைக்கு மேல் இல்லாத தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பக்கவாட்டிலிருந்து வந்தது. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று 20 கி.மீ. அகலமுள்ள நகரத்தை அரை மணி நேரத்தில் கடந்துவிடும். ஒரு நாளில் நாற்பது முறைக்கு மேல் நகரத்தின் மேலுள்ள காற்று புதிதாகிறது. ஒவ்வொரு முறையும் அது கரையில் குவிந்து, மேலே ஏறி, தன் ஈரத்தில் ஒரு பகுதியை இறக்கிவிட்டுப் போனால் போதும். மேகம் வானளாவ வேண்டியதில்லை. அதைப் பிறப்பிக்கும் குவிமையம் இடம்விட்டு நகராமல் இருக்க வேண்டும். நகராமல் நிற்கும் தண்ணீர்க் குழாயின் கீழ் வைத்த குடம் நிரம்பிவிடும். எவ்வளவு பெரிய குழாயானாலும் நகர்ந்துகொண்டே போனால் நிரம்பாது.

அண்மைக்கால நிகழ்வுகளை இந்த அளவுகோலால் பார்த்தால் ஒழுங்கு தெரிகிறது. 2015 டிசம்பர் முதல் தேதி புயலே இல்லை. தென்மேற்கு வங்கக் கடலில் ஒரு தாழ்வழுத்தப் பகுதி மட்டும்தான். ஆனால் அது நகரவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை; ஆந்திரத்தின் பாபட்லா அருகே 5ஆம் தேதிதான் கடந்தது. அதற்கு முன் நகரத்துக்குச் சுமார் 100 கி.மீ. தொலைவில் மெதுவாக ஊர்ந்துபோன நேரத்தில் சென்னையின் பல பகுதிகள் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை வாங்கின. அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அதற்குக் காரணம் பெயர்கூடச் சூட்டப்படாத ஒரு மேலடுக்குச் சுழற்சி. 2024 நவம்பர் 30இல் கரையேறிய ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே சில மணி நேரம் அசையாமல் நிற்க, அங்கே 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. எதிர்ப்பக்கத்தில் 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையின் மேலேயே ஏறி வந்தது. நகரம் அதை நினைவில் வைத்திருப்பது வேரோடு சாய்ந்த மரங்களுக்காக. அது விரைந்து உள்ளே போய்விட்டது; அந்தப் பருவத்தின் வறட்சியை அதனால் ஈடுகட்ட முடியவில்லை.

"கார்த்திகைக்குப் பின் மழை இல்லை" என்ற பழமொழியையும் இங்கே சோதித்துப் பார்க்கலாம். பொதுவாக அது சரிதான். டிசம்பர் பாதிக்குமேல் தாழ்வழுத்தப் பகுதி நிலநடுக்கோட்டை நோக்கி இறங்கிவிடுகிறது. ஆனால் காயல்பட்டினத்து மழை மார்கழி பிறந்தபின் பெய்தது. 2021 டிசம்பர் 30இல் சென்னையை முன்னறிவிப்பின்றி முழுக்காட்டிய மழையும் மார்கழி நடுவில்தான். 2021 ஜனவரியில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல்லையும் மழை நனைத்தது. பழமொழி சராசரியைச் சொல்கிறது. சேதம் விதிவிலக்கில் இருக்கிறது.

இதில் உள்ள சக்தியையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 426 சதுர கி.மீ. பரப்புள்ள சென்னை மாநகராட்சியில் 10 செ.மீ. பெய்தால் 4,260 கோடி லிட்டர், அதாவது ஒன்றரை டி.எம்.சி. அவ்வளவு ஆவி நீராகும்போது வெளிப்படும் வெப்பம் ஏறக்குறைய 3,000 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம். தமிழகம் முழுவதும் இரண்டு மாதத்துக்கு மேல் செலவழிக்கும் மின்சாரம் அது. இந்த வெப்பம்தான் மேகத்தைச் சுற்றியுள்ள காற்றைவிட லேசாக்கி மேலும் ஏற்றுகிறது. கீழே மேலும் காற்றை இழுக்கிறது. மழை தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் வழி இது.

ஆண்டுக்கு ஆண்டு ஏன் மாறுகிறது?

பசிபிக் கடலின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ, தென்மேற்குப் பருவமழையைப் பல ஆண்டுகளில் கெடுத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் நட்பு. 2015உம் 2023உம் எல் நினோ ஆண்டுகள். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி கிழக்கைவிடச் சூடாக இருந்தாலும் தமிழகத்துக்கு நல்லது. 2016இல் நிலைமை தலைகீழாக இருந்தது. இவற்றோடு, 30 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகரும் ஒரு பெரிய மேக அலையும் உண்டு. மேடன், ஜூலியன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்களின் பெயரால் அழைக்கப்படும் அந்த அலை நம் பக்கம் இருக்கும் வாரங்களில் தாழ்வழுத்தங்கள் எளிதாகப் பிறக்கின்றன.

ஆனால் இவை எல்லாம் சாய்வுகளே. எல் நினோ என்றால் வெள்ளம் என்று எழுதிவைக்க முடியாது. பருவம் நன்றாக இருக்கும் வாய்ப்பைத்தான் அவை கூட்டுகின்றன. எந்த நாளில், எந்தக் கரையில் குவிமையம் நிற்கும் என்பதைச் சொல்வதில்லை. புவி வெப்பமடைவதன் பங்கை இன்னும் உறுதியாகச் சொல்லலாம்: வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 விழுக்காடு அதிக ஆவியைத் தாங்கும். மொத்த மழை கூடுமா குறையுமா என்பது தனிக் கேள்வி. பெய்யும்போது கனத்துப் பெய்வதற்கான மூலப்பொருள் கூடிக்கொண்டே போகிறது என்பதில் ஐயமில்லை.

தரையில் இறங்கும் மேகம்

ஜனவரியில் காட்சி மாறுகிறது. மேலேயிருந்து காற்று மெல்ல இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகி மேகத்தைக் கரைக்கிறது. வானம் தெளிகிறது. தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தைத் தடையின்றி விண்ணுக்கு விட்டுக் குளிர, தரையை ஒட்டிய ஈரக் காற்று பனிப்புள்ளியைத் தொடுகிறது. அப்போது உருவாகும் மூடுபனி வேறொன்றுமில்லை, ஏறாமலே பிறந்த மேகம். பார்வைத் தூரம் ஒரு கிலோமீட்டருக்குக் கீழே போனால் வானிலைத் துறை அதை மூடுபனி என்று பதிவுசெய்கிறது.

இந்த நிலையில் கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றுமாக ஒரு மூடி போட்டதுபோல ஆகிவிடுகிறது. புகை மேலே போக வழியில்லை. போகியன்று பழைய பாயும் டயரும் எரிக்கும் புகை அதனுள் சிக்கும்போது துகள்கள் பெருகி, பனி இன்னும் அடர்கிறது. 2018 போகி காலையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. மேகத் துளிக்குத் துகள் வேண்டும் என்ற பாடத்தை அந்த நகரம் மூச்சுத் திணறிக் கற்றுக்கொண்டது.

முன்னறிவிப்பின் எல்லை

சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002இல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார், மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு மழையையும் அதன் நகர்வையும் கணிக்கிறது. திரும்பும் அலையின் வலு துளி விட்டத்தின் ஆறாம் படியைப் பொறுத்தது: விட்டம் இரட்டித்தால் எதிரொலி 64 மடங்காகும். ஆகவே பெரிய துளிகள் கொண்ட இடிமேகம் ரேடாரில் செக்கச் சிவந்து மிரட்டும். நடுத்தரத் துளிகளைச் சளைக்காமல் கொட்டும் டிசம்பர் மாதத் தாழ்மேகம் சாதுவாகத் தெரியும். புவி வளைவினால் தொலைவில் ரேடார்க் கதிர் உயரத்தில் போய்விடுவதால் இந்தத் தாழ்மேகங்கள் கண்ணில் படாமலும் தப்பும்.

கணினி மாதிரிகளும் முன்னேறுகின்றன. 2025 மே மாதம் இந்தியா தொடங்கிய பாரத் முன்னறிவிப்பு முறை 6 கி.மீ. கட்டங்களில் வளிமண்டலத்தைக் கணக்கிடுகிறது. முன்பு 12 கி.மீ. ஆனால் 2021 டிசம்பர் 30இல் எம்.ஆர்.சி. நகரில் சில மணி நேரத்தில் 15 செ.மீ.க்கு மேல் பெய்த மழையைத் தந்த மேகக் கூட்டம் இத்தகைய ஒரு சில கட்டங்களுக்குள் அடங்கிவிடும். தாழ்வழுத்தம் பிறப்பதை ஐந்து நாட்களுக்கு முன்பே சொல்ல முடிகிறது. அது கரையருகே எத்தனை மணி நேரம் தங்கும், பட்டை அடையாற்றின் மேல் நிற்குமா கொசஸ்தலையின் மேல் நிற்குமா என்பது சில மணி நேரத்துக்கு முன்புதான் தெளிகிறது. மழையின் அளவை நிர்ணயிப்பது தங்கும் நேரம் என்றால், முன்னறிவிப்பின் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

செயற்கை மழை பற்றியும் ஒரு சொல். 1946இல் அமெரிக்காவில் வின்சென்ட் ஷேஃபர் உலர்பனியைத் தூவியும், பெர்னார்ட் வான்னெகட் வெள்ளி அயோடைடைக் கொண்டும் மேகத்தில் பனிப்படிகங்களைத் தூண்டிக் காட்டினார்கள். ஏற்கெனவே பழுத்து நிற்கும் மேகத்தை அது சற்று உந்தலாம். இல்லாத மேகத்தை வரவழைக்காது. 2025 அக்டோபரில் தில்லியில் காற்று மாசைக் குறைக்கச் செய்த முயற்சி, மேகத்தில் போதிய ஈரம் இல்லாததால் எடுபடவில்லை. வறட்சியில் மேகம் இருக்காது, மேகம் இருந்தால் வறட்சி இருக்காது. இந்தச் சிக்கலைப் பணம் தீர்க்காது.

நகரம் செய்ய வேண்டியது

வானம் தரும் தண்ணீரை என்ன செய்வது என்பது நகரத்தின் கையில் இருக்கிறது. சென்னை தட்டையான ஊர். கடல் மட்டத்தைவிடச் சில மீட்டர்களே உயரம். கடல் ஏற்றத்தில் இருக்கும் நேரத்தில் கூவமும் அடையாறும் வடிவது தடுமாறும். மாநகராட்சிப் பரப்பில் 24 செ.மீ. பெய்தால் 3.6 டி.எம்.சி.; செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே அவ்வளவுதான். இந்தத் தண்ணீரை மழைநீர் வடிகால் மட்டும் விழுங்கும் என்று எதிர்பார்ப்பது கணக்குக்கு ஒவ்வாது. 2015 வெள்ளத்தில் மனிதர் செய்த பிழைகளின் பங்கைத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கையே 2018இல் பதிவுசெய்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே நகரத்துக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. நான்கே ஆண்டு இடைவெளியில் இரண்டு முனைகள்.

ஆய்வின் முடிவு இதுதான். பருவச் சராசரியை வைத்து ஏரிகளை நடத்துவதும், 24 மணி நேர மழையளவை மட்டும் வைத்து வடிகால் கட்டுவதும் இந்த நகரத்துக்குப் பொருந்தாது. மணிக்கு மணி மழையளவு, வார்டுக்கு வார்டு மழைமானி, அவற்றைப் பொதுமக்கள் உடனுக்குடன் பார்க்கும் வசதி, முன்னறிவிப்போடு இணைந்து முன்கூட்டியே ஏரி திறக்கும் விதிமுறை, பள்ளிக்கரணை போன்ற தாழ்நிலங்களை இனி ஒரு அடிகூட இழக்காத உறுதி ஆகியவை வேண்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஐப்பசியில் தாழ்வழுத்தம் என்று செய்தி வரும்போது அதற்குப் பெயர் வைத்துவிட்டார்களா என்று கேட்காதீர்கள். அது எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, கரையருகே எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேளுங்கள். வீட்டுச் சாமான்களை மேலே ஏற்றுவதா வேண்டாமா என்பதை அந்த விடைதான் சொல்லும்.